பிரிந்த நகம் மறுபடி ஒட்டுமா?

கேள்வியின் சாரம் இது. கேட்டவருக்கு வயது 36. வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். வலது கையின் நடுவிரலிலும் மோதிர விரலிலும் நகம் நுனியிலிருந்து ஏறக்குறையப் பாதி வரை சதையை விட்டு விலகி வெள்ளையாகத் தெரிகிறது, வலி இல்லை. மருந்துக் கடையில் கொடுத்த பூஞ்சைக் களிம்பைப் பல வாரங்களாகத் தடவியும் நகம் ஒட்டவில்லை. உள்ளே புகுந்துவிடும் மாவையும் அழுக்கையும் குண்டூசியால் எடுத்து வருகிறார். கால்சியம் குறைவுதான் காரணம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். தங்கையின் திருமணம் நெருங்குவதால், அதுவரை செயற்கை நகம் ஒட்டி மறைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார்.

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். விலகிப்போன நகம், விலகிய இடத்தில் மறுபடி ஒட்டாது. அதை ஒட்ட வைக்கும் களிம்போ மாத்திரையோ கிடையாது. வேர்ப்பக்கத்திலிருந்து புதிதாக வளர்ந்து வரும் நகம் சதையோடு ஒட்டியபடியே நுனி வரை வந்து சேர்வதுதான் குணமாகும் ஒரே வழி. ஆகவே சிகிச்சை என்று நாம் செய்வதெல்லாம், அந்தப் புது நகம் வரும் வழியில் அதை மறுபடியும் பிரித்துவிடும் காரியங்களை ஒவ்வொன்றாக நிறுத்துவதுதான். உங்கள் கையைப் பொறுத்தவரை அப்படிப் பிரிக்கும் காரியங்கள் மூன்று இருக்கின்றன என்று நினைக்கிறேன்: தண்ணீர், நகத்தின் நீளம், குண்டூசி. இவற்றுள் குண்டூசியைத்தான் நான் முதல் குற்றவாளியாகச் சொல்வேன்.

ஏன் என்பது புரிய, நகம் எப்படி ஒட்டியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நகத்தகடு என்பது உயிரற்ற கெரட்டின் புரதத்தாலான அடுக்கு. அது விரலின் பின்பக்கத் தோல் மடிப்புக்குள் இருக்கும் நக வேரில் உருவாகி, மெல்ல முன்னோக்கி நகர்கிறது. அதன் அடிப்பரப்பில் நீளவாக்கில் நுண்ணிய வரம்புகள் இருக்கின்றன. கீழே உள்ள நகப்படுகையிலும் அவற்றுக்கு ஈடான வரம்புகளும் பள்ளங்களும் உண்டு. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியிருப்பதால்தான் நகம் சதையை இறுகப் பிடித்தபடி நகர முடிகிறது. நுனியில், நகக்கண் என்று நாம் சொல்லும் இடுக்கில், தோல் நகத்தின் அடிப்பக்கத்தோடு சேர்ந்து, தண்ணீரும் கிருமியும் உள்ளே போகாதபடி அடைத்து நிற்கிறது. இந்த அடைப்பு ஒருமுறை கிழிந்தால், பிரிவு அங்கிருந்து வேரை நோக்கிப் பின்னால் ஏறத் தொடங்குகிறது. ஓனிக்கோலைசிஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இந்த நிலையைத்தான்.

ஒட்டியிருக்கும் நகம் இளஞ்சிவப்பாகத் தெரிவது, கீழே ஓடும் இரத்தத்தால். விலகிய பகுதி வெள்ளையாகத் தெரிவது, இடையில் காற்று புகுந்திருப்பதால். அந்த வெண்மை ஒரு நோயின் நிறம் அன்று. கீழே ஒன்றும் இல்லை என்பதன் அடையாளம் மட்டுமே. வெண்மையைப் பார்த்தவுடன் பூஞ்சை என்றோ கால்சியம் என்றோ முடிவு கட்டிவிடுவதால்தான் பலர் மாதக்கணக்கில் தேவையில்லாத மருந்தைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது குண்டூசிக்கு வருகிறேன். நகம் விலகிய இடத்தில் மாவு போய் அடைவது உங்களுக்கு அருவருப்பாக இருக்கிறது, அதனால் எடுக்கிறீர்கள். அதில் புரியாதது ஒன்றுமில்லை. ஆனால் ஊசிமுனை ஒவ்வொரு முறையும் அழுக்கை எடுப்பதோடு, நகமும் சதையும் இன்னும் பிரியாமல் பிடித்துக்கொண்டிருக்கும் எல்லையையும் சற்றே கிழிக்கிறது. வேரிலிருந்து வந்துகொண்டிருக்கும் புது நகம் ஒரு நாளில் நகர்வது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே. ஊசி ஒரே தடவையில் அதைவிடக் கூடுதலாகப் பிரித்துவிடும். இந்தக் கணக்கு நடக்கும் வரை நகம் எந்தக் காலத்திலும் முன்னேறாது. நகவெட்டியோடு மடித்து வைத்திருக்கும் கூர்முனை, தீக்குச்சி, தென்னை ஈர்க்கு, அழகு நிலையத்தில் வைத்திருக்கும் உலோகக் குச்சி எல்லாவற்றுக்கும் இதே விதிதான். பல் துலக்கும் பிரஷ்ஷால் நகத்தின் அடியில் தேய்ப்பதும் இதில் சேரும். நகத்துக்கு அடியில் எதையும் நுழைக்கக் கூடாது என்பதை இந்தப் பதிலிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளும் முதல் காரியமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தண்ணீர். நகம் நீரை உறிஞ்சி உப்பும், உலரும்போது சுருங்கும். நாள் முழுவதும் மாறி மாறி நனைவதும் உலர்வதுமாக இருந்தால், தகட்டுக்கும் சதைக்கும் இடையிலான பிடிப்பு தளர்ந்துபோகும். இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களிடமும், பெண்களிலும் சமையல், பாத்திரம், துணி என்று ஈரத்தில் கை வைத்திருப்பவர்களிடமும் மிகுதியாகக் காணப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உங்கள் தொழிலில் ஊறிய அரிசியும் உளுந்தும், புளித்த மாவின் அமிலமும், கிரைண்டரைக் கழுவும் சோப்புத் தூளும் ஒன்று சேர்கின்றன. வெங்காயம், பூண்டு, எலுமிச்சை, தக்காளி போன்றவற்றின் சாறும் நகக்கண்ணின் மெல்லிய தோலை எரிச்சலூட்டக் கூடியது. மாவை இனிக் கரண்டியால் கரைத்துப் பாருங்கள் என்று சொன்னால், கை போட்டுக் கரைத்தால்தான் மாவு பொங்கும் என்று பெரும்பாலும் பதில் வரும். மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் உளுந்திலும் அரிசியிலும் இயல்பாக இருப்பவையே. நல்ல உளுந்தும் வெதுவெதுப்பும் இருந்தால் கை படாமலும் மாவு பொங்கும்.

மூன்றாவது நகத்தின் நீளம். விரல் நுனிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நகம் எதிலாவது இடிபடும்போதெல்லாம், பின்னால் உள்ள ஒட்டிய பகுதி நெம்பப்படுகிறது. நகம் நீளமாக இருக்க இருக்க இந்த நெம்புவிசையும் கூடும். விலகிய நகத்தை வெட்டாமல் விட்டால் அது தானே நெம்புகோலாகி, தினமும் இன்னும் கொஞ்சம் பிரிக்கும்.

சரி, பூஞ்சையே இல்லையா என்று கேட்டால், இருக்கலாம். ஆனால் உங்கள் விவரிப்பை வைத்துப் பார்த்தால் அது முதல் காரணமாகத் தோன்றவில்லை. படர்தாமரையையும் சேற்றுப்புண்ணையும் உண்டாக்கும் வகைப் பூஞ்சை, கைவிரல் நகங்களைவிடக் கால்விரல் நகங்களையே கூடுதலாகப் பிடிக்கும். அது பிடித்த நகம் பொதுவாக மஞ்சளாகி, தடித்து, அடியில் உதிரும் தூளோடு இருக்கும். சொத்தை நகம் என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் அதைத்தான். கைநகத்தில் பூஞ்சை இருந்தால், பாதத்தையும் கால்விரல் இடுக்குகளையும் பார்த்தால் அங்கே தோல் உரிவது பெரும்பாலும் தெரியும். உங்கள் நகம் தடிக்கவில்லை, தூள் இல்லை, கால் நகங்கள் நன்றாக இருக்கின்றன என்றால் சந்தேகம் குறைகிறது. இதில் குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஈரமாகப் பிரிந்து கிடக்கும் எந்த நகத்தின் அடியிலும் கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை வந்து சேரும். பரிசோதனையில் அது தெரிந்ததும் அதுதான் காரணம் என்று மருந்து தொடங்கிவிடுகிறார்கள். காலியாகக் கிடந்த வீட்டில் பிறகு வந்து குடியேறியவனை, வீட்டை இடித்தவன் என்று சொல்வது போன்றது அது. ஈரத்தையும் இடைவெளியையும் அப்படியே விட்டுவிட்டுக் கேண்டிடாவை மட்டும் கொன்றால் நகம் திரும்புவதில்லை.

ஆகவே பூஞ்சை மாத்திரை எடுப்பதற்கு முன் ஒரு பரிசோதனை கட்டாயம் வேண்டும். நகத் துண்டையும் அடியிலிருக்கும் தூளையும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊற வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். எளிய, செலவு குறைந்த பரிசோதனை. நுனியில் வெட்டிய துண்டைக் கொடுத்தால் போதாது; பிரிவு முடிந்து ஒட்டிய பகுதி தொடங்கும் எல்லைக்கு அருகிலிருந்து எடுத்தால்தான் உண்மை தெரியும். அதனால் அதை நீங்கள் வீட்டில் எடுத்துக்கொண்டு போகாமல், எடுக்கத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். பூஞ்சை உறுதியானால், டெர்பினாஃபின் மாத்திரையைக் கைநகத்துக்கு வழக்கமாக 6 வாரமும் கால்நகத்துக்கு 12 வாரமும் கொடுப்பார்கள். கல்லீரலைக் கவனிக்க வேண்டிய மருந்து அது. சாதாரணப் படர்தாமரையே பழைய மருந்துகளுக்கு அடங்காமல் போய்க்கொண்டிருக்கும் இந்தியாவில், சந்தேகத்தின்பேரில் பூஞ்சை மருந்து விழுங்குவது உங்களுக்கும் நல்லதன்று, ஊருக்கும் நல்லதன்று. மருந்துக் கடையில் உங்களுக்குக் கொடுத்த களிம்பின் பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். பூஞ்சை மருந்து, ஆண்டிபயாட்டிக், வீரியமான ஸ்டீராய்டு மூன்றும் கலந்த களிம்பாக இருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். மருத்துவர் சொல்லாமல் மாதக்கணக்கில் தடவினால் அது விரல் தோலை மெலிய வைக்கும்.

தண்ணீரும் ஊசியும் போதிய காரணங்கள்தான் என்றாலும், அவற்றின் பின்னால் வேறொன்று ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது மருத்துவரின் வேலை. அவர் என்ன தேடுவார் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் சோரியாசிஸ். அந்த நோய் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நகத்திலும் மாற்றம் தெரியும். சிலருக்கு நகத்தில் மட்டுமே தெரியும். விலகிய வெண்பகுதியின் ஓரத்தில் செம்மஞ்சளான ஒரு விளிம்பு, நகத்தின் நடுவே காகிதத்தில் எண்ணெய்த் துளி விழுந்தாற்போன்ற ஒரு திட்டு, நகத்தின் மேற்பரப்பில் குண்டூசியால் குத்தியது போன்ற சிறு குழிகள் ஆகியவை அதன் அடையாளங்கள். தலையிலும் முழங்கை முழங்காலிலும் வெண்செதில் உதிர்கிறதா, காதுக்குப் பின்னால் செதில் படிகிறதா, விரலின் நுனி மூட்டுகள் காலையில் விறைத்து வலிக்கின்றனவா என்று கேட்பார்கள். மூட்டு வலி இருந்தால் அதைத் தள்ளிப் போடக் கூடாது. சோரியாசிஸ் வாதம் மூட்டுகளை நிரந்தரமாகச் சிதைக்கக் கூடியது. சோரியாசிஸ் உள்ள கையில் குண்டூசியால் நோண்டுவது இரட்டைக் கேடு. அடிபடும் இடத்தில் புதிதாக வெளிப்படுவது அந்த நோயின் குணம்.

அடுத்தது தைராய்டு. தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்பவர்களில் சிலருக்கு நகம் நுனியில் விலகி மேல்நோக்கிச் சற்று வளையும், அதுவும் மோதிர விரலில் முதலில் தொடங்கும். உங்களுக்கு மோதிர விரலும் விலகியிருப்பதால், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைதல், படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, வெப்பம் தாங்க முடியாமை ஆகியவற்றில் ஏதாவது இருந்தால், தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. முடிக்கும் நகத்துக்கும் நல்லது என்று கடைகளில் விற்கும் பயோட்டின் மாத்திரையை எடுத்துக்கொண்டிருந்தால், இரத்தப் பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, எடுத்ததைப் பரிசோதனை நிலையத்திலும் சொல்லுங்கள். அதிக அளவு பயோட்டின், சில பரிசோதனை முறைகளில் தைராய்டு மிகையாக இருப்பதைப் போலப் பொய்யான முடிவைக் காட்டும். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையையும் அது குழப்பும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் எச்சரித்திருக்கிறது. விலகிய நகத்துக்குப் பயோட்டினால் பயன் எதுவும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

மருந்துகளாலும் நகம் விலகும். முகப்பருவுக்கும், எலிக்காய்ச்சலுக்கும், உண்ணிக்காய்ச்சலுக்கும் கொடுக்கும் டாக்சிசைக்ளின் என்னும் மருந்தை எடுத்துக்கொண்டு நல்ல வெயிலில் நிற்பவர்களுக்கு, முதலில் விரல்நுனிகளில் வலியும் பிறகு ஒரே சமயத்தில் பல நகங்களில் பிரிவும் வருவதுண்டு. கட்டைவிரல் வெயிலுக்கு அவ்வளவாகத் திரும்பாததால் பெரும்பாலும் தப்பிவிடும். இலங்கையில் எலிக்காய்ச்சல் அபாயம் உள்ள பகுதிகளில் வயலில் இறங்குவோருக்கு இதே மருந்தைத் தடுப்புக்காகவும் கொடுப்பதால், விவசாயிகள் இதை அறிந்திருப்பது நல்லது. அதற்காக மருந்தைத் தவிர்ப்பது தவறு. அந்தக் காய்ச்சல்கள் உயிரை எடுக்கக் கூடியவை, நகம் வளர்ந்துவிடும். புற்றுநோய்க்குக் கொடுக்கும் பேக்ளிடாக்சல், டோசிடாக்சல் மருந்துகளில் நகம் விலகுவது மிகவும் அறிந்த பக்கவிளைவு. சில வேளைகளில் நகத்தின் அடியில் இரத்தமோ சீழோ கட்டி வலிக்கும். மருந்து ஏறும் நேரத்தில் குளிரூட்டிய கையுறை அணிவிப்பது இதைக் குறைக்கிறது என்பதால், சிகிச்சை தொடங்குமுன்பே புற்றுநோய் மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேட்டுக்கொள்ளலாம்.

கால்சியம் பற்றி உங்கள் உறவினர் சொன்னது பரவலான நம்பிக்கை. ஆனால் நகத்தில் கால்சியத்தின் பங்கு மிகச் சிறியது. நகத்தின் உறுதி கெரட்டின் இழைகளைக் கந்தக அணுக்கள் பிணைப்பதால் வருகிறது. நகத்தின் நடுவே சில பேருக்கு வரும் சிறு வெள்ளைப் புள்ளிகளும் கால்சியக் குறைவால் வருபவை அல்ல. நக வேரில் முன்பு எப்போதோ பட்ட சிறு அடிகளின் சுவடுகள் அவை. இரும்புச்சத்தின் கதை வேறு. இரத்தசோகை நம் பெண்களிடம் மிகுதி. நகம் கரண்டிபோல் குழிவதும் மெலிந்து உடைவதும் அதில் உண்டு, விலகுவதும் சில வேளை உண்டு. களைப்பும் மூச்சு வாங்கலும் இருந்தால், அல்லது மாதவிடாயில் இரத்தப்போக்கு மிகுதியாக இருந்தால், ஹீமோகுளோபினும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்ப்பது நகத்துக்காக இல்லாவிட்டாலும் உங்களுக்காக நல்லது.

இனிச் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். ஒரு நகவெட்டியோ கூரான சிறு கத்தரிக்கோலோ கொண்டு, விலகிய பகுதியை எவ்வளவு பின்னால் வரை வலியில்லாமல் வெட்ட முடியுமோ அவ்வளவு வெட்டுங்கள். விலகிய நகத்தில் உணர்ச்சி கிடையாது, அதனால் வலிக்காது. வலித்தால் அங்கே இன்னும் ஒட்டியிருக்கிறது என்று பொருள், அத்தோடு நிறுத்திவிடுங்கள். பார்க்க அழகாக இருக்காது என்று பலர் இந்த இடத்தில்தான் தயங்குகிறார்கள். ஆனால் தடவும் எந்த மருந்தையும்விட இந்த வெட்டு பெரிய சிகிச்சை. அழுக்கு தங்க இடமில்லாமல் போகிறது, ஊசியின் தேவை இல்லாமல் போகிறது, நெம்புகோல் இல்லாமல் போகிறது, காற்றுப் பட்டு இடம் உலர்கிறது. ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி வெட்டிவிடுங்கள். வீட்டில் செய்யத் துணிவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் கேளுங்கள். மரத்துப்போகும் ஊசி கூட இல்லாமல் சில நிமிடங்களில் செய்துவிடுவார்கள். நகத்தை வேரோடு பிடுங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்த நோய்க்கு அது தேவையில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களும், கால்விரல்களில் இரத்த ஓட்டம் குறைந்தவர்களும், குறிப்பாகக் கால்நகத்தைத் தாமே ஆழமாக வெட்டக் கூடாது.

வெட்டிய பிறகு உலர்வாக வைத்திருப்பதுதான் முழுநேர வேலை. பாத்திரம் துலக்கவும் கிரைண்டர் கழுவவும் ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை ஒன்று இருக்க வேண்டும். வெறும் ரப்பர் மட்டும் என்றால் கால் மணி நேரத்தில் உள்ளே வியர்வை கோத்துவிடும். வியர்த்த கை நனைந்த கைக்குச் சமம். மாவில் கை வைத்தே ஆகவேண்டிய வேளைகளில், உணவுக்கென்று விற்கும் ஒருமுறை பயன்படுத்தும் கையுறை போதும். வேலை முடிந்ததும் கழற்றி எறிந்துவிடுங்கள். கை நனைந்த ஒவ்வொரு முறையும் துண்டால் ஒற்றி எடுத்து, முடிந்தால் மின்விசிறியின் கீழோ, குளிர்காற்று வைத்த ஹேர் டிரையரிலோ சற்று நேரம் காட்டுங்கள். இரவில் விரலைச் சுற்றியுள்ள தோலுக்கு வாசனையில்லாத களிம்போ தேங்காயெண்ணெயோ போடலாம். பிரிந்த இடைவெளிக்குள் மட்டும் எண்ணெய் விடாதீர்கள். வேப்பெண்ணெய், மஞ்சள், பூண்டுச் சாறு என்று வரும் கைவைத்தியங்களில் பூண்டு தோலைப் பொசுக்கும். மஞ்சள் நகத்தின் நிறத்தை மாற்றி மருத்துவர் பார்க்க வேண்டியதை மறைக்கும். நகச்சுத்திக்கு எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகும் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். இது நகச்சுத்தி அன்று, அமிலமும் ஈரமும் இதற்குப் பகை.

விலகிய இடம் பச்சையாகவோ நீலப்பச்சையாகவோ மாறினால் பயப்பட வேண்டாம். ஈரத்தில் வளரும் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா விட்டுச்சென்ற சாயம் அது. ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு மூன்று அல்லது நான்கு பங்கு தண்ணீர் சேர்த்து, விரலை ஐந்து முதல் பத்து நிமிடம் வரை நாள் ஒன்றுக்கு ஓரிரு முறை முக்கி எடுத்து, நன்றாக உலர்த்துங்கள். விலகிய நகத்தை வெட்டி உலர வைத்தாலே பெரும்பாலும் கிருமி போய்விடும். நகத்தில் ஊறிய நிறம் மட்டும் நகம் வளர்ந்து வெளியேறும் வரை நிற்கும். ஆனால் உணவு விற்பவர் என்ற முறையில், பச்சை மறையும் வரையும், சீழ் இருந்தால் அது ஆறும் வரையும், வெறுங்கையை மாவில் வைக்கக் கூடாது.

எவ்வளவு காலம் ஆகும்? கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்கிறது. வில்லியம் பீன் என்ற அமெரிக்க மருத்துவர், தம் இடக் கட்டைவிரல் நகத்தில் மாதந்தோறும் ஒரு கோடு இழைத்து, அது நுனிக்கு வரும் நாளை 35 ஆண்டுகள் குறித்து வைத்தார். 32 வயதில் நாளுக்கு 0.123 மில்லிமீட்டராக இருந்த வளர்ச்சி 67 வயதில் 0.095 ஆகக் குறைந்திருந்தது. இத்தகைய பொறுமை உள்ளவர்கள் மருத்துவத்திலும் அரிது. உங்கள் நகம் பாதி விலகியிருப்பதால், இன்றே எல்லாவற்றையும் சரியாகத் தொடங்கினாலும் இரண்டு மூன்று மாதங்கள் வேண்டும். இடையில் ஒரு முறை நெம்பிவிட்டால் கணக்கு அங்கிருந்து மறுபடி தொடங்கும். கால்நகம் என்றால் இதில் பாதி வேகமோ அதற்கும் குறைவோதான். கால் கட்டைவிரல் நகம் முழுதும் மாற ஓர் ஆண்டும் ஒன்றரை ஆண்டும் ஆகும். ஆனால் காலம் இருக்கிறதே என்று வாளாவிருப்பதும் ஆபத்து. மாதங்கள் ஆண்டுகளானால், மூடியிருந்த நகப்படுகை வெளிக்காற்றுப் பட்டுச் சாதாரணத் தோல்போல் தடித்து, நகம் ஒட்டும் தன்மையை இழந்து, சுருங்கிவிடும். அதன் பிறகு வரும் நகம் குட்டையாகவே நின்றுவிடும்.

கேள்வியில் இல்லாவிட்டாலும் இரண்டு நிலைகளைத் தொட்டுச் செல்கிறேன், ஏனெனில் இதே நோயென்று நினைத்துப் பலர் குழம்புகிறார்கள். குழந்தைகளுக்கு நகம் நுனியில் அல்லாமல் வேர்ப்பக்கத்தில் கழன்று, அடியில் புது நகத்தோடு உதிர்வதுண்டு. கை, கால், வாயில் கொப்புளம் வரும் காய்ச்சல் வந்து ஒன்றிரண்டு மாதம் கழித்து இது நடக்கும். 2008-இல் ஃபின்லாந்தில் அந்தக் காய்ச்சல் பரவியபோது நிறையப் பேருக்கு நகம் உதிர்ந்தது. காய்ச்சலின்போது நக வேர் சில நாள் வேலையை நிறுத்தியதன் விளைவு அது, மருந்தே வேண்டாம். மற்றொன்று கால் கட்டைவிரல் நகம். அங்கே பெரும்பாலும் செருப்பும் ஷூவும்தான் காரணம்; நுனி இடிக்கும் காலணியோடு ஓடுபவர்களுக்கும் நெடுந்தூரம் நடப்பவர்களுக்கும் அது விலகும், சில வேளை அடியில் இரத்தம் கட்டிக் கறுக்கும்.

மருத்துவரிடம் தாமதிக்காமல் போக வேண்டிய நிலைகளும் உண்டு. ஒரே ஒரு விரலில் மட்டும் நகம் விலகி, நனையாமல் பார்த்துக்கொண்டும் மூன்று நான்கு மாதத்தில் மாற்றமில்லை என்றால், அடியில் மருவோ, எலும்பு முளையோ, அரிதாகத் தோல் புற்றோ இருக்கலாம். எக்ஸ்ரேயும், தேவைப்பட்டால் சதைப் பரிசோதனையும் செய்வார்கள். இரத்தம் கசிதல், ஆறாத புண், கட்டி, குளிர்ந்த நீர் பட்டால் மின்னலடித்தாற்போல் வலி, அகன்றுகொண்டே வரும் கருங்கோடு, அந்தக் கருமை நகத்தைத் தாண்டித் தோலுக்குப் பரவுதல் ஆகிய எதுவும் காத்திருக்கத் தகுந்தவை அல்ல. உங்களுக்கு இரண்டு விரல்களில் வலியின்றி வந்திருப்பது ஆறுதலான செய்தி. ஆனாலும் இவ்வளவு வாரங்கள் கடந்துவிட்டதால் ஒருமுறை தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். போகும்போது நகப்பூச்சோ மருதாணியோ இல்லாமல் போங்கள். கால் நகங்களையும் காட்டுங்கள். எடுக்கும் மாத்திரைகளின் பெயரை எழுதிக்கொண்டு போங்கள். நகத்தைச் சுற்றிய தோல் சிவந்து அரித்தால் அவர் குறைந்த நாளுக்கு ஒரு ஸ்டீராய்டு களிம்பு கொடுக்கக்கூடும். அது தேவையா, எத்தனை நாள் என்பதெல்லாம் அவர் பார்த்துச் சொல்ல வேண்டியவை.

திருமணத்துக்குச் செயற்கை நகம் ஒட்டுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். உங்கள் நகம் சதையைப் பிடித்திருப்பதைவிடச் செயற்கை நகம் உங்கள் நகத்தை இறுக்கமாகப் பிடிக்கும். இடிபட்டால் விட்டுக்கொடுப்பது உங்கள் நகம்தான். ஒட்டுவதற்கும் ஜெல் பூச்சுக்கும் பயன்படும் அக்ரிலேட் வகைப் பொருள்கள் சிலருக்கு ஒவ்வாமை தந்து, அவையே நகத்தை விலக்கும். ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பிற்காலத்தில் பல் சிகிச்சைப் பொருள்களிலும் அது தொல்லை தரக்கூடும். ஃபார்மால்டிஹைடு கலந்த நகம் கெட்டியாக்கும் திரவங்களும் இதே வேலையைச் செய்யும். மருத்துவர் பார்த்து முடித்த பிறகு, குட்டையாக வெட்டிய நகத்தில் சாதாரண நகப்பூச்சு ஓரிரு நாள் இருந்துவிட்டுப் போகலாம். இலையை அரைத்து இடும் மருதாணியும் இடலாம், உடனே கறுக்கும் கடைக் குழம்பை மட்டும் தவிருங்கள். அதில் தலைச்சாயத்தின் வேதிப்பொருளைக் கலப்பதுண்டு. நகத்தில் ஏறிய மருதாணிச் சிவப்பு கழுவினால் போகாது, நகத்தோடு சேர்ந்தே முன்னே நகரும். ஆகவே கல்யாணம் முடிந்த பிறகு, சிவப்புக்கும் வேர்ப்பக்கத் தோலுக்கும் இடையே நிறமில்லாமல் வெளிவரும் பகுதியை மாதம் ஒருமுறை அளந்து, அதே நாளில் ஒட்டிய பகுதியும் அவ்வளவு முன்னேறியிருக்கிறதா என்று பாருங்கள். நகம் வளர்ந்தும் ஒட்டிய எல்லை இருந்த இடத்திலேயே நின்றால், ஈரமோ ஊசியோ வேறொரு நோயோ இன்னும் பிரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்; அந்த அளவைக் குறித்துக்கொண்டு மறுபடி மருத்துவரிடம் போங்கள்.